குறியை முதலில் வாசிப்பவர்

நட்சத்திரக் குறிக்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்டால், அதை எங்கே கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல இயலாது. அச்சுப் புத்தகத்தில் ஒரு சொல்லின் தோளில் அமர்ந்திருந்தால் அடிக்குறிப்பைப் பார்க்கச் சொல்கிறது. மொழியியல் கட்டுரையில் ஒரு சொல்லுக்கு முன்னால் நின்றால், இவ்வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததன்று, ஆய்வாளர் மீட்டுருவாக்கியது என்கிறது. கணக்கில் அது பெருக்கல். விளம்பரத்தில், நிபந்தனைகள் உண்டு என்ற எச்சரிக்கை. துறை மாறும்போது பொருள் மாறுவதில் வியப்பில்லை. ஒரே துறைக்குள், ஒரே மேசையின் மேல், ஒரே வேலையைச் செய்ய அமர்த்தப்பட்ட இரண்டு கருவிகள் அந்தக் குறியை இரண்டு விதமாக வாசிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கணினியின் கட்டளை வரியில் அது அன்றாடம் நடக்கிறது.

பிழைப்புக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டளை வரியின் முன் உட்கார்ந்திருப்பவன் நான். இதைத் தொழிலில் உள்ள பல தொல்லைகளில் ஒன்று என்ற அளவில்தான் வைத்திருந்தேன். இலக்கிய வாசகர்களிடமும் பேசத்தக்க விஷயம் என்று தோன்றியதற்குக் காரணம், மறைந்த நண்பர் ஒருவரின் கவிதைகள். அவரிடம் வருவதற்கு முன், கட்டளை வரி என்பது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திரையில் படங்களும் சுட்டியும் வருவதற்கு முன்னால் கணினியோடு பேசுவதற்கு எழுத்தே வழி. ஒரு வரியைத் தட்டி என்டர் விசையை அழுத்த வேண்டும். இன்றும் கணினியைப் பராமரிப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் நாம் தட்டிய வரி நேராக உள்ளே போய்விடுவதில்லை. நடுவில் ஒரு நிரல் இருக்கிறது. வரியை வாங்கிப் படித்து, சொற்களாகப் பிரித்து, சில குறிகளை நீக்கி, சிலவற்றை விரித்து எழுதி, அதன் பிறகே உரிய நிரலிடம் ஒப்படைக்கிறது. அதற்கு 'ஷெல்' என்று பெயர். ஓடு என்று பொருள். 1960களில் அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் உருவாகிவந்தபோது லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் சூட்டிய பெயர். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னதை அவர் தம் நடையில் எழுதி உள்ளே அனுப்புகிறார். அதிகாரி படிப்பது நாம் சொன்னதை அல்ல, அவர் எழுதியதை. யூனிக்ஸ், லினக்ஸ் வாசலில் பார்ன் ஷெல், சி ஷெல், பாஷ், இசட்ஷெல், ஃபிஷ் என்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். விண்டோஸ் வாசலில் பழைய கட்டளைச் சாளரமும் 2006இல் வந்த பவர்ஷெல்லும். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை.

இனி நண்பர். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், என்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். நான் அவரை 'சார்' என்றே அழைப்பேன். இரண்டு சிறிய தொகுப்புகள் வெளியிட்டிருந்தார். வெளியிட்டதைவிட வெளியிடாமல் வைத்துக்கொண்டது பன்மடங்கு. 2000களின் நடுவில், தமிழ் இடைமுகத்தோடு லினக்ஸ் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் ஆர்வமாக அதை நிறுவிக்கொண்டார். கடைசிவரை அதிலேயே எழுதினார். ஒரு கவிதைக்கு ஒரு கோப்பு. கவிதையின் தலைப்பே கோப்பின் பெயர். பெயரின் இறுதியில் ஒரு குறி இடுவார். கேள்விக்குறி என்றால், அந்த வடிவத்தில் அவருக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. ஆச்சரியக்குறி என்றால் முடிந்தது, இனிக் கைவைக்க வேண்டியதில்லை. நட்சத்திரம் என்றால் அடுத்த தொகுப்பில் சேர வேண்டியது. பெயருக்கு முன்னால் ஒரு சிறுகோடு இருந்தால் தள்ளுபடி. தள்ளியதை அழித்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "தள்ளினதும் நான் எழுதினதுதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

ஆக அவருடைய அடைவில் மழை?, மழை!, மழை*, -மழை என்று ஒரே தலைப்பில் நான்கு கோப்புகள் இருக்கும். நான்கும் வேறு வேறு வடிவங்கள். லினக்ஸ் கோப்பு ஒன்றின் பெயரில் சாய்கோட்டையும் சுழி பைட்டையும் தவிர எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் கணினி மறுப்புச் சொல்லவில்லை. அவர் கட்டளை வரியைத் தொட்டவரும் அல்லர். கோப்புகளைச் சாளரத்தில் பார்த்து, சுட்டியால் திறந்து எழுதுவார். அங்கே குறிகள் வெறும் எழுத்துகள். அவர் கொடுத்த பொருள் மட்டுமே அவற்றுக்கு இருந்தது.

2023இல் அவர் மறைந்தார். மகள் கோயம்புத்தூரில் ஆசிரியை. பழைய கணினியை வீட்டருகே ஒரு கடையில் கொடுத்து, கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். தம்முடைய விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்தபோது எல்லாம் இருப்பதாகவே தோன்றியிருக்கிறது. தொகுப்பு கொண்டுவர விரும்பிய பதிப்பாளர் ஒருவர் எது இறுதி வடிவம் என்று கேட்டபோதுதான் என்னை அழைத்தார். "மாமா, நிறையப் பேர்ல கடைசியா ஒரு கீழ்க்கோடு இருக்கு. அப்பா இப்படியா வச்சிருந்தார்?"

விண்டோஸ் தன் கோப்புப் பெயர்களில் ஒன்பது குறிகளை ஏற்பதில்லை. கேள்விக்குறியும் நட்சத்திரமும் அவற்றில் அடக்கம். கடைக்காரர் பயன்படுத்திய நகலெடுக்கும் கருவி, ஏற்கப்படாத குறியெல்லாவற்றையும் கீழ்க்கோடாக மாற்றியிருந்தது. அதன் போக்கில் அது உதவிதான் செய்தது. விளைவாக, ஐயம் என்று அவர் ஒதுக்கியதும் நூலில் சேர்க்க என்று தேர்ந்ததும் ஒரே பெயரைப் பெற்றன. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் எழுதப்பட்டுவிட்டது. பென்டிரைவில் இருந்த 'மழை_' அவர் தேர்ந்த கவிதையா, தயங்கிய கவிதையா என்று சொல்ல வழியில்லை. இரண்டில் ஒன்று அங்கே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அசல் வன்தட்டு இன்னும் கடையிலேயே இருந்தது. துடைத்து விற்பதற்காக எடுத்துவைத்த தட்டுகளோடு இருந்ததாம். அன்று மாலையே போய் வாங்கிவரச் சொன்னேன். அடுத்த வாரம் அது என் மேசைக்கு வந்தது.

லினக்ஸ் கணினியில் அதை இணைத்தபோது பெயர்கள் அவர் இட்டபடியே இருந்தன. ஆனால் இப்போது அவற்றை வாசிக்கப்போவது சாளரம் அல்ல, ஷெல். அந்தக் கேள்விக்குறியும் நட்சத்திரமும் ஷெல்லுக்கு ஐம்பதாண்டுப் பழக்கம்.

1970களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தபோது 'க்ளோப்' என்ற சிறு நிரல் ஒன்று இருந்தது. எழுதியவர் டென்னிஸ் ரிச்சி. வரியில் நட்சத்திரமோ கேள்விக்குறியோ இருந்தால் ஷெல் இந்த நிரலை அழைக்கும். அது அடைவைப் பார்த்து, பொருந்தும் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி, குறியை எடுத்துவிடும். நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும் பொருந்தும், கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு. பின்னால் இந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் உள்ளே இருக்கும் நிரல் நட்சத்திரத்தைக் காண்பதே இல்லை. கோப்பை அழிக்கும் 'ஆர்.எம்.' கட்டளைக்கு நட்சத்திரம் கொடுத்தால், அதன் கைக்கு வருவது பெயர்ப் பட்டியல் மட்டுமே. நீங்கள் ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பார்த்துத் தட்டினீர்களா, ஒரு விசையை அழுத்திவிட்டுப் போனீர்களா என்று அதற்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்டின் டாஸ், அதற்கு முந்தைய சி.பி.எம். இயங்குதளத்தின் வழியில் சென்றது. அங்கே மனு எழுதுபவர் நட்சத்திரத்தைத் தொடுவதில்லை. அப்படியே உள்ளே அனுப்பிவிடுகிறார். விரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. ஆகவே டாஸில் 'டெல்' கட்டளைக்கு எல்லாக் கோப்பும் என்று சொன்னால், உறுதியாகத்தானா என்று கேட்கும். குறியை அது தன் கண்ணால் பார்த்திருக்கிறது. பெயர் மாற்றும் 'ரென்' கட்டளைக்கு ஒரு நட்சத்திரத்தை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் கொடுத்து, ஓரடைவிலுள்ள எல்லாக் கோப்புகளின் பின்னொட்டையும் ஒரே வரியில் மாற்றிவிடலாம். யூனிக்ஸின் 'எம்.வி.' கட்டளைக்கு அது கைகூடாது. அதனிடம் போவதற்குள் இரண்டு நட்சத்திரங்களும் காணாமல் போயிருக்கும். நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் என்று மூன்று குறிகளை அடுத்தடுத்து எழுதினால் விண்டோஸில் எல்லாக் கோப்புகளும் என்று பொருள். யூனிக்ஸில் பெயருக்குள் புள்ளி உள்ள கோப்புகள் மட்டும்.

ஒரே வாசலில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒத்துப்போவதில்லை. பொருந்தும் கோப்பு ஒன்றுமே இல்லாதபோது நட்சத்திரத்தை என்ன செய்வது? பழைய க்ளோப், பொருத்தம் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பெர்க்கிலியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் அதைப் பின்பற்றியது. 1979இல் வெளிவந்த ஸ்டீபன் பார்னின் ஷெல்லோ, பொருந்தவில்லையென்றால் அது குறியாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கக்கூடும் என்று கருதி அப்படியே உள்ளே அனுப்பியது. 1989இல் வந்த பாஷ் பார்ன் வழி. 1990இல் பிரின்ஸ்டனில் பால் ஃபால்ஸ்டட் எழுதிய இசட்ஷெல் மறுக்கும் வழி. 2019இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் வழக்கமான ஷெல்லை பாஷிலிருந்து இசட்ஷெல்லுக்கு மாற்றியபோது, கேள்விக்குறி உள்ள இணைய முகவரியை மேற்கோள் இல்லாமல் கட்டளையில் தட்டிப் பழகியவர்கள் பலர் திகைத்துப்போனார்கள். நேற்றுவரை போய்ச் சேர்ந்த முகவரி இன்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

நண்பரின் கோப்புகளுக்கு இதனால் என்ன நேரும் என்று பாருங்கள். பாஷில் 'மழை?' என்று வெறுமனே தட்டினால், ஐயத்துக்குரிய வடிவம் மட்டும் வராது. மழை என்ற பெயரோடு இன்னும் ஓர் எழுத்து உள்ள எதுவும் வரும்: மழை!, மழை?, மழை* மூன்றும். ஒரு வடிவத்தை மட்டும் அழிக்கச் சொன்னால் மூன்றும் அழியும். அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் எடுத்து நகலெடு என்று ஒரு சிறு நிரலை எழுதினாலும் இதுவே நடக்கும். பெயரை ஒரு மாறியில் வாங்கி, மேற்கோள் இல்லாமல் அதைப் பயன்படுத்தினால், பாஷ் அந்தப் பெயரை மறுபடியும் வாசித்து, இடைவெளி உள்ள இடங்களில் பிரித்து, அதிலுள்ள கேள்விக்குறியை மறுபடியும் விரிக்கும். அதே நிரலை இசட்ஷெல்லில் ஓட்டினால் அப்படி நடக்காது. மாறிக்குள் இருப்பதை அது திரும்ப வாசிப்பதில்லை. 'கடைசி மழை' என்ற தலைப்பு ஒருவருக்கு இரண்டு சொற்கள், இன்னொருவருக்கு ஒரு பெயர். 'தாமரை' என்பதைப் பூ என்றும், தாவும் மரை என்றும் பிரித்துப் பார்க்கும் பொதுமொழியை இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நமக்குச் சூழல் துணை நிற்கிறது. ஷெல்லுக்கு அந்தத் துணை இல்லை, விதி மட்டும் இருக்கிறது.

ஆச்சரியக்குறியின் கதை வேறு. 1970களின் இறுதியில் சி ஷெல்லை எழுதிய பில் ஜாய், முன்பு தட்டிய கட்டளையைத் திரும்ப அழைப்பதற்கு அதை எடுத்துக்கொண்டார். ஆச்சரியக்குறியை அடுத்து 2 என்று எழுதினால் வரலாற்றில் இரண்டாவதாக உள்ள கட்டளை அந்த இடத்தில் வந்து உட்காரும். பாஷ் இதை வாங்கிக்கொண்டது. நண்பர் சில கவிதைகளை முடிந்தது என்று சொன்ன பிறகும் திருத்தியிருக்கிறார், அவற்றுக்கு மழை!2 என்று பெயர். தட்டும்போது பாஷ் அதைப் பழைய கட்டளை ஒன்றைத் தேடும் ஆணையாக எடுத்துக்கொள்ளும். கோப்பில் எழுதிவைத்து ஓட்டும் நிரலுக்குள் இருந்தால் அதே பாஷ் அதைப் பொருட்படுத்தாது. ஒரே ஷெல், நேரில் பேசும்போது ஒரு பொருள், எழுதிக் கொடுத்தால் ஒரு பொருள்.

சிறுகோடு ஷெல்லுக்கு ஒரு பொருட்டே அல்ல. அது அப்படியே அனுப்பிவிடும். உள்ளே இருக்கும் நிரல்தான் சிறுகோட்டில் தொடங்கும் சொல்லைத் தனக்கு இடப்பட்ட நிபந்தனை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே '-மழை' என்ற பெயருக்கு மேற்கோள் காப்பு ஆகாது. அதற்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு, இந்த அடைவில் உள்ள கோப்பு என்று சொல்ல வேண்டும். நான்கு குறிகளுக்கும் நான்கு விதமான காவல் தேவைப்பட்டது.

இந்தக் குறிகள் இப்பொருள்களைப் பெற்றதில் திட்டம் ஏதுமில்லை. விசைப்பலகையில் கிடந்தவற்றை அவரவர் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். பின்சாய்கோட்டை ஆஸ்கி எழுத்துத் தரத்தில் சேர்க்க வேண்டும் என்று 1961இல் முன்மொழிந்தவர் பாப் பீமர். அல்கால் என்ற நிரல்மொழியின் இரண்டு தர்க்கக் குறிகளை, சாய்கோடுகள் இரண்டைச் சேர்த்து எழுதலாம் என்பது அவர் எண்ணம். யூனிக்ஸ் அதைப் பின்னால் வரும் குறியின் பொருளை நீக்குவதற்கு வைத்துக்கொண்டது. 1983இல் டாஸின் இரண்டாம் பதிப்பில் அடைவுக்குள் அடைவு என்ற வசதி வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால், பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை எடுத்தார்கள். ஜப்பானிய எழுத்துத் தரத்தில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் யென் நாணயக் குறி இருந்தது. ஆகவே ஜப்பானில் விண்டோஸ் பாதைகள் நெடுங்காலம் யென் குறியால் பிரிந்து தோன்றின. பின்சாய்கோடு பாதைக்குப் போய்விட்டதால் பொருள் நீக்கும் வேலைக்கு விண்டோஸின் கட்டளைச் சாளரம் ^ குறியை வைத்துக்கொண்டது. ^ குறியோ பார்ன் ஷெல்லில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்குள் செலுத்தும் குழாய். பவர்ஷெல் ` குறியை எடுத்துக்கொண்டது. யூனிக்ஸில் அந்தக் குறிக்குள் இருப்பது கட்டளையாக ஓடும். ஓரிடத்தில் அடக்கும் குறி மற்றோரிடத்தில் ஏவும் குறி.

இவ்வளவுக்கும் மாற்று மேற்கோள்குறி. இலக்கியத்தில் மேற்கோள் என்பது இது பிறர் சொன்னது என்ற அறிவிப்பு. ஷெல்லுக்கு அது ஓர் ஆணை: இதற்குள் இருப்பதைத் தொடாதே, எழுதியபடியே கொண்டுபோய்ச் சேர். யூனிக்ஸ் ஷெல்களில் ஒற்றை மேற்கோள் ஏறத்தாழ எல்லாவற்றையும் அடக்கும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறிக்கு உயிர் உண்டு, தட்டும்போது பாஷில் ஆச்சரியக்குறிக்கும் உண்டு. சி ஷெல்லில் ஒற்றை மேற்கோளும் ஆச்சரியக்குறியை அடக்காது. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோளுக்கு அந்த அதிகாரமே இல்லை. அச்சில் வரும் வளைந்த மேற்கோளை பவர்ஷெல் மேற்கோளாகவே ஏற்கும். பாஷுக்கு அது ஏதோ ஓர் எழுத்து. இணையத்தில் எழுதும் நம்மில் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் நேர் மேற்கோளைத் தானாகவே வளைத்து அழகுபடுத்துகிறது. கட்டுரையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கட்டளைகள் ஓடாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மேற்கோளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடக்ககால யூனிக்ஸ் ஷெல்கள், மேற்கோளுக்குள் இருந்த எழுத்து எது என்று நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டன. ஆஸ்கி எழுத்துக்கு ஏழு பிட் போதும். ஒரு பைட்டில் எட்டாவது பிட் காலியாக இருந்தது. 'தொடாதே' என்ற குறிப்பை அதில் எழுதிவைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் துடைத்துவிட்டன. பார்ன் ஷெல்லும் முதலில் அப்படித்தான். அந்தக் காலி இடம் உண்மையில் காலி அல்ல. பிற்பாடு ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறியுள்ள எழுத்துகளும், யூனிகோடுக்கு முன் நாம் பயன்படுத்திய திஸ்கி போன்ற குறியேற்றங்களின் தமிழ் எழுத்துகளும் அந்த மேல்பாதியில்தான் குடியேறின. அப்படிப்பட்ட ஷெல்லுக்குள் ஒரு தமிழ்ச் சொல் நுழைந்திருந்தால், எட்டாவது பிட் துடைக்கப்பட்டு, ஆங்கில எழுத்துகளின் குவியலாக வெளியே வந்திருக்கும். ஒன்றைத் தொடாமல் காப்பதற்கென்று வைத்த ஏற்பாடே அதை அழித்திருக்கும். பின்னர் வந்த பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது.

யூனிகோடு வந்த பின்னும் தமிழுக்கும் ஷெல்லுக்கும் இடையே ஒரு கணக்கு தீரவில்லை. கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பொருந்தும் என்றேன். ஓர் எழுத்து எது? 'மழை' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ம, ழ, ஐகாரத் துணைக்குறி என்று மூன்று. ஆகவே இரண்டு கேள்விக்குறிகள் தட்டினால் மழை வராது, 'தீ' வரும். மழைக்கு மூன்று வேண்டும். மொழி அமைப்பு ஆங்கிலத்துக்கு முந்தைய வெற்று நிலையில் இருந்தால் பாஷ் பைட்டுகளை எண்ணும். அப்போது மழைக்கு ஒன்பது கேள்விக்குறிகள். 'கொடி' என்ற தலைப்பு லினக்ஸில் நான்கு. 2017 வரை ஆப்பிள் கணினிகள் பயன்படுத்திய கோப்பு முறை ஒகரக் குறியை எகரக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து வைக்கும் என்பதால் அங்கே ஐந்து. நம் இலக்கணம் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்கிறது. யூனிகோடு உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்து மெய் ஆகிறது என்கிறது. இரண்டும் தத்தம் அளவில் ஒழுங்கானவை. நடுவில் உள்ள கேள்விக்குறிக்குத்தான் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஃபிஷ் ஷெல் 2025இல் வந்த தன் நான்காம் பதிப்பில் கேள்விக்குறியின் சிறப்புப் பொருளையே கைவிட்டு, அதைச் சாதாரண எழுத்தாக்கிவிட்டது.

நண்பரின் கோப்புகளை மீட்டது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு பெயரையும் மேற்கோளுக்குள் வைத்து, முழு அடைவையும் 'டார்' என்ற கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டினேன். பொதிக்கு வெளியே சாதுவான ஒரு பெயர். உள்ளே இருக்கும் பெயர்களை வழியில் யாரும் வாசிப்பதில்லை. எழுதியபடியே அவை போய்ச் சேரும், விண்டோஸில் அவிழ்க்காத வரையில். பிறகு பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, குறிகளைச் சொற்களாக்கிக் காகிதத்தில் அச்சிட்டேன்: ஐயம், முடிந்தது, தொகுப்புக்கு, தள்ளியது. இதைச் செய்யும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது. கடைக்காரரின் கருவி எல்லாக் குறியையும் ஒரே கோடாக்கியது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கொடுக்கிறேன். நான் கொடுப்பது அவர் எனக்குச் சொன்ன சொல்தான் என்றாலும், 'மழை?' என்று எழுதும்போது அவர் மனதில் இருந்தது வெறும் ஐயம்தானா, அல்லது அந்தக் கேள்வி தலைப்பின் பகுதியாகவே மாறிவிட்டிருந்ததா என்பது பட்டியலில் வராது. சில கவிதைகளைப் படித்தால் இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது.

மழை என்ற தலைப்பைப் பொறுத்தவரை குழப்பம் தீர்ந்தது. பென்டிரைவில் எஞ்சியிருந்தது ஐயத்தில் விட்ட வடிவம். தொகுப்புக்கு என்று குறித்தது மேலெழுதப்பட்டுப் போயிருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு கடைசி மூன்று வரிகள். அந்த மூன்று வரிகள் இல்லாமல்தான் புத்தகம் வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

தீராதது வேறொன்று. கேள்விக்குறியோடு மட்டுமே இருக்கும் கவிதைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கு முடிந்த வடிவமே இல்லை. அவற்றை என்ன செய்வது என்று மகள் கேட்டார். தலைப்பில் குறி வேண்டாம், அச்சில் வாசிப்பவர் அதைத் தலைப்பின் கேள்வியாகவே எடுத்துக்கொள்வார், 'ஐயத்தில் விட்டவை' என்று தனிப் பகுதி வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேண்டாம் மாமா, அப்பா வச்ச மாதிரியே கேள்விக்குறியோட வரட்டும். அது என்னன்னு முன்னுரையில நீங்க எழுதிடுங்க" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்.